வெட்டுகிற இடம்தான் முக்கியம்

வார்கேமிங் மினியேச்சர்களில், அதாவது மேசைப் போர் விளையாட்டுக்கான சின்ன உருவங்களில், கிட்பாஷிங் (பல பெட்டித் துண்டுகளைக் கலந்து புது உருவம் செய்வது) ஆரம்பிக்கிறவர்கள் முதலில் கேட்பது எந்தப் பசை வாங்கலாம், இடைவெளி நிரப்ப எந்தப் புட்டி நல்லது என்றுதான். அதையும் சொல்கிறேன், ஆனால் அது அப்புறம். மூன்று பெட்டிகளில் இருந்து கால், உடம்பு, தலை எடுத்துச் சேர்த்த வீரன் ஒரே ஆளாகத் தெரிகிறானா, மூன்று பேரின் துண்டுகளாகத் தெரிகிறானா என்பது, கத்தியை எங்கே வைக்கிறோம் என்பதிலேயே முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது.

சீருடையோ கவசமோ போட்ட உருவத்தில் கண் தானாகவே எதிர்பார்க்கிற கோடுகள் உண்டு. பெல்ட், காலர், கையுறையின் விளிம்பு, பூட்ஸின் மேல்விளிம்பு, தோள்கவசத்தின் அடிப்பக்கம். வெட்டு அங்கே விழுந்தால் ஒட்டிய பிறகு மிஞ்சும் மெல்லிய நிழல் உடுப்பின் விளிம்பாகவே தெரியும், தையல்காரர் ஒட்டுத்துணியின் தையலை மடிப்புக்குள் மறைப்பது மாதிரி. ஒரு கையை மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், சட்டைக் கையின் மேலேயே வெட்டினால், இரண்டு பெட்டிகளிலும் துணிமடிப்பு வேறு வேறு ஆட்கள் செதுக்கியது, ஒன்றோடு ஒன்று சேரவே சேராது, கை முழுக்கப் புட்டி பூசி மடிப்புகளைத் திரும்பச் செதுக்க வேண்டியதுதான். அதே மாற்றத்தைக் கையுறை விளிம்பில் செய்தால் ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம்.

வெட்டும்போது இன்னொன்று. ரம்பத்தின் பல்லுக்கும் தடிமன் இருக்கிறது, அது போகும் வழியில் இருக்கிற பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். அதனால் இரண்டு துண்டில் எது நமக்கு வேண்டும் என்று முதலிலேயே தீர்மானித்து, வேண்டாத பக்கத்தில் ரம்பத்தை ஓட்டுங்கள். கொஞ்சம் கூடுதலாக மிச்சம் வைத்து வெட்டி, மீதியைக் கத்தியால் சீவிச் சீவி, அரம் போட்டுக் கோட்டுக்குக் கொண்டு வரலாம். மிச்சம் இருப்பதைச் சீவி எடுக்க முடியும், போனதைத் திரும்ப வைக்கத்தான் பாடு.

இடுப்புக்கு வருவோம், என்னைப் பொறுத்தவரை மொத்த வேலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பல பெட்டிகளில் உடம்பும் காலும் பெல்ட்டில் தட்டையாகச் சந்திக்கும். அப்படியே ஒட்டினால் காலில் எவ்வளவு அசைவு இருந்தாலும் ஆள் விறைத்துக்கொண்டு நிற்பான். நிஜத்தில் ஒருவர் ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்கும்போது அந்தப் பக்கத்து இடுப்பு மேலே ஏறும், அதே பக்கத்துத் தோள் கீழே இறங்கும். எனவே உடம்பின் அடிப்பாகத்தை, பாரம் தாங்கும் காலின் பக்கம் லேசாகச் சீவிவிட்டு ஒட்டுங்கள், உடம்பு அந்தப் பக்கம் ஒரு சாய்வு சாயும், அந்தச் சாய்விலேயே உருவத்துக்கு உயிர் வந்துவிடும். ஓடுகிற ஆள் என்றால் இடது கால் முன்னே போகும்போது இடது தோள் பின்னே போக வேண்டும், அதற்கு உடம்பை இடுப்பில் கொஞ்சம் திருப்பினாலே போதும். சும்மா நிற்கிற ஆளுக்கு, கழுத்துக்குழியில் இருந்து தூக்குக்குண்டு விட்டால் அது பாரம் தாங்கும் பாதத்துக்குப் பக்கத்தில் விழ வேண்டும். வெளியே தள்ளி விழுந்தால் ஆள் சரிகிறான் என்று அர்த்தம். பாய்ந்து தாக்குகிறவனுக்கு அதுவே வேண்டும், காவலுக்கு நிற்கிறவனுக்குக் கூடாது.

முழங்காலை மடக்க, பின்பக்கம் ஆப்பு வடிவில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, முன்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக்கை மட்டும் விட்டு வளைத்தால் வெட்டு மூடிக்கொள்ளும். இதையெல்லாம் பசை தொடுவதற்கு முன்னால் புளூ டாக் என்ற, ஒட்டி எடுக்கக்கூடிய பிசினில் ஒட்டி, கையில் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

வேறு வேறு கம்பெனி துண்டுகளைக் கலக்கும்போது உயரத்தை விட தலையும் கையும்தான் காட்டிக்கொடுக்கும். 28 மில்லிமீட்டர் ஹீரோயிக் என்று சொல்லப்படும் உருவங்களில் தலையும் கையும் ஆயுதமும் வேண்டுமென்றே பெரிதாகச் செய்யப்பட்டவை. அளவு பிசகாமல் மனித விகிதத்தில் செய்த 28 மில்லிமீட்டர் தலையை அதில் வைத்தால் சின்னதாகத் தெரியும். இது ஒரு பயனுள்ள சங்கதியும்கூட, சின்னத் தலை வைத்தால் உடம்பு ராட்சசனாகத் தெரியும். வண்டிகளில் இவ்வளவு கெடுபிடி இல்லை. 1/35 அளவு டாங்க் கிட்டின் சக்கரமும் தகடும், ஓர்க் என்ற கற்பனை அரக்க இனத்தின் வண்டிக்கு அழகாகப் பொருந்தும், ஆள் ஏறும் மூடியின் அளவு மட்டும் உருவத்துக்கு ஒத்துவர வேண்டும்.

இந்தச் சுதந்திரம் நமக்குக் கிடைத்தது பிளாஸ்டிக்கால்தான். ஒரே வார்ப்பாக வந்த உலோக உருவங்களில் ஒரு தலையை மாற்றவே ரம்பமும் துளைப்பானும் கம்பியும் வேண்டும். வார்ஹேமர் 40,000 என்ற எதிர்காலப் போர் விளையாட்டு வெளிவந்த 1987 வாக்கில் வந்த, அதன் ஸ்பேஸ் மரீன் வீரர்களின் பிளாஸ்டிக் பெட்டியில் 30 வீரர்கள், தனித்தனித் துண்டுகளாக. வண்டிகளுக்கு அப்போது போதுமான கிட் இல்லை, டியோடரன்ட் டப்பாவை வைத்து மிதக்கும் டாங்க் செய்வது எப்படி என்று அந்த விளையாட்டை வெளியிட்ட கம்பெனியின் ஒயிட் டுவார்ஃப் பத்திரிகையே காட்டியது. அந்தத் துணிச்சல் எனக்கு இன்றைக்கும் ரொம்பப் பிடிக்கும்.

சரி, பசை. பிளாஸ்டிக் சிமென்ட் என்ற பசை, இந்தத் துண்டுகளின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரினின் இரண்டு பரப்பையும் கரைத்து ஒன்றாக்கிவிடும், காய்ந்த பிறகு அது கிட்டத்தட்ட ஒரே துண்டு. ரெசினையும் உலோகத்தையும் அது ஒன்றும் செய்யாது, அங்கே சூப்பர் க்ளூ. அது பக்கவாட்டில் தட்டினால் உடைகிற ரகம், அதனால் கனமான துண்டுக்குள் 1 மில்லிமீட்டர் துளையிட்டுப் பித்தளைக் கம்பி சொருகுங்கள். சின்ன இடைவெளிக்கு, ஸ்ப்ரூவை, அதாவது துண்டுகள் இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டத்தை, பொடியாக நறுக்கி சிமென்ட்டில் ஊறப்போட்ட கூழ் போதும். காயும்போது சுருங்கும் என்பதால் கொஞ்சம் மேடாக வைக்க வேண்டும், காய்ந்ததும் அரமும் உப்புத்தாளும் அதில் மற்ற பிளாஸ்டிக்கைப் போலவே ஓடும். ரோமம், துணிமடிப்பு செதுக்க கிரீன் ஸ்டஃப் என்ற பச்சைப் புட்டி. அது காய்ந்தாலும் ரப்பர் போல இருப்பதால் அரத்துக்குச் சரிப்படாது. கூர்மையான விளிம்பு வேண்டும் என்றால் கல் மாதிரி இறுகும் மில்லிபுட் என்ற புட்டி. இந்த இரண்டு புட்டியையும் சம அளவு பிசைந்தால் நடுவாந்தரமாக ஒன்று கிடைக்கும், நான் அதிகம் எடுப்பது அதைத்தான். ஜன்னலைத் திறந்து வையுங்கள், ரெசினைத் தேய்த்தால் முகக்கவசம் கட்டாயம்.

மண்டை ஓடு, பை, கத்தி, சங்கிலி என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டிவிட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். விளையாட்டில் எதிரே உட்கார்ந்திருப்பவர் மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து பார்த்து இவன் கையில் என்ன ஆயுதம் என்று சொல்ல முடிய வேண்டும், அதை மறைக்கிற எதுவும் வேண்டாம். உருவம் நிற்கிற அடித்தட்டான பேஸின் அளவையும் மாற்றாதீர்கள், தூரம் அளப்பது பல விளையாட்டுகளில் பேஸின் விளிம்பில் இருந்துதான்.

கடைசியாக, வர்ணத்துக்கு முன் அடிக்கும் சாம்பல் நிற பிரைமர், மெல்லியதாக. அதுவரை வெள்ளை, சாம்பல், பச்சை என்று பல நிறத்தில் கிடப்பதால் கண்ணுக்கு இடைவெளிகள் பிடிபடாது, ஒரே நிறமானதும் எல்லாம் வெளியே வரும். கோடு தெரிகிற இடத்தைக் கத்தி முனையால் லேசாகத் திறந்து, நிரப்பி, தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் திரும்ப அடியுங்கள். பெல்ட்டிலும் காலரிலும் வெட்டிய உருவங்களுக்கு இந்த வேலை பெரும்பாலும் வராது.