சங்காயத்துக்கு ஆங்கிலத்தில் என்ன?

‘கட்டுரையை அனுப்பியதற்கு நன்றி’ என்று தொடங்கும் மெயிலில் மிச்சத்தைப் படிக்கத் தேவையில்லை. கட்டுரையை எடுத்துக்கொள்கிறவர்கள் நன்றி சொல்லி நேரத்தை வீணாக்குவதில்லை, நேராகத் தப்பு சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். இது எனக்குப் புரிய ஒன்றரை வருஷம் ஆனது.

ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். அப்பா ராமேஸ்வரத்தில் இருபத்தெட்டு வருஷம் விசைப்படகு டிரைவர். சொந்தப் படகு கிடையாது, எப்போதும் வேறொருவர் படகுதான். 2023 அக்டோபரில் பாக் விரிகுடா மீன்பிடித் தகராறு பற்றி ஆங்கிலத்தில் ஒரு கொள்கைக் கட்டுரை எழுதி, தெற்காசிய விவகாரங்களுக்காகவே நடக்கும் ஓர் இதழுக்கு அனுப்பினேன். 3,400 வார்த்தை. அவர்கள் கேட்டிருந்தது 1,500. நல்ல சரக்கு என்றால் அளவு பார்க்கமாட்டார்கள் என்று நினைத்தேன். பார்ப்பார்கள்.

முதல் 1,000 வார்த்தையில் வரலாறு. சேதுபதி, ஜமீன், வெள்ளைக்காரன், கச்சத்தீவை இலங்கைக்கு விட்ட 1974 ஒப்பந்தம், 1976 கடல் எல்லை ஒப்பந்தம் எல்லாம் வரிசையாக. கைதுகள், படகுப் பறிமுதல், கண்ணீர் என்று அடுத்த 2,000. கடைசியில் ‘இரு நாடுகளும் மனிதாபிமானத்தோடு பேச்சுவார்த்தையைத் தொடர வேண்டும்’. ஏழு வாரம் கழித்து வந்த பதிலில் நன்றி போக இரண்டு கேள்விகள்தான் இருந்தன. உங்கள் வாதம் என்ன? இதில் சீனா எங்கே வருகிறது?

முதல் கேள்வி நியாயமானது, அதனால்தான் வலித்தது. இரண்டாவதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. இலங்கை என்று எழுதினால் அடுத்த பத்தியில் அம்பாந்தோட்டைத் துறைமுகமும் அதைச் சீனா எடுத்த 99 வருஷக் குத்தகையும் வந்தாக வேண்டும் போல. எங்கள் பக்கத்துக் கடலிலும் சீனா வராமல் இல்லை. யாழ்ப்பாணத்தை ஒட்டிய நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்திட்டம் 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்குப் போவதாக இருந்து, டெல்லி முகம் சுளித்து, 2022இல் இந்தியா கைக்கு வந்தது. ஆனால் யாழ்ப்பாணத்து மீனவரின் வலை அதனால் கிழியவில்லை. அது எங்கள் மடியால், படகில் கட்டிக் கடலடியில் இழுக்கும் வலையால், கிழிகிறது. இந்தக் கடைசி வாக்கியம் அந்த 3,400 வார்த்தையில் எங்குமே இல்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

அடுத்து வேறோர் இடத்துக்கு அனுப்பினேன். ஒரே கட்டுரையை ஒரே சமயத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பக்கூடாது என்பது இந்தத் தொழிலின் ஒழுக்கம், அதனால் முதல் இடம் கைவிரிக்கும் வரை காத்திருந்துதான் அனுப்பினேன். அங்கிருந்து பதிலே இல்லை. பொங்கல் போனது, மாசி போனது.

2024 மார்ச் 31 அன்று பிரதமர் கச்சத்தீவைப் பற்றி ட்வீட் போட்டார். மறுநாள் வெளியுறவு அமைச்சர் செய்தியாளர்களைச் சந்தித்தார். அதற்கும் மறுநாள் காலை அந்த இரண்டாவது இடத்திலிருந்து எனக்கு மெயில்: ‘நாளைக்குள் 900 வார்த்தையில் தர முடியுமா? கச்சத்தீவு பற்றி மட்டும்.’

ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதினேன். எழுத எழுத ஒன்று உறைத்தது. நாளைக்கே தீவு நம் கைக்கு வந்தாலும் ராமேஸ்வரத்தின் மீன் கணக்கு பெரிதாக மாறாது. 285 ஏக்கர், ஓர் அந்தோணியார் கோயில். படகுகள் போவது அதைத் தாண்டி, இறால் கிடக்கும் நெடுந்தீவுப் பக்கம். அப்படியே எழுதி அனுப்பினேன். அவர்களுக்கு வேண்டியது தாரை வார்த்தது யார் என்பது. கொஞ்சம் மாற்றித் தரச் சொன்னார்கள், நான் இழுத்தேன். 19ஆம் தேதி இங்கே வாக்குப்பதிவு. 20ஆம் தேதியிலிருந்து அந்த முகவரியில் யாரும் பதில் எழுதவில்லை. (அந்த 900 வார்த்தை இன்னும் என் மடிக்கணினியில் கிடக்கிறது. அடுத்த தேர்தலுக்கு ஆகும்.)

மூன்றாவது இடத்துக்கு முழுக் கட்டுரை அனுப்பவில்லை. புத்தி வந்திருந்தது. 200 வார்த்தையில் முன்மொழிவு மட்டும்: என்ன சொல்கிறேன், ஏன் இப்போது, இதைச் சொல்ல நான் யார். ‘நான் யார்’ என்ற இடத்தில் பட்டத்தைப் போட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்து, அப்பாவின் வேலையையும் சேர்த்தேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. நன்றி என்ற சொல்லே இல்லை. அந்த எடிட்டர் கேட்ட முதல் கேள்வி, ‘உங்கள் அப்பா எல்லை தாண்டியிருக்கிறாரா?’

தாண்டியிருக்கிறார். கணக்கில்லாமல்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் அந்த அம்மாவிடம் நான் பட்ட பாடு என் ஆய்வேட்டுக்குக்கூடப் பட்டதில்லை. இந்திய மீனவர்கள் இலங்கைக் கடலில் மீன்பிடிப்பதை 1976 ஒப்பந்தம் தடுத்தது என்று எழுதியிருந்தேன். ‘எந்தப் பிரிவு?’ என்று ஓரத்தில் குறிப்பு. தேடினேன். ஒப்பந்தத்தில் இல்லை. அது இருப்பது 1976 மார்ச் 23 அன்று இரு நாட்டு வெளியுறவுச் செயலர்களும் மாற்றிக்கொண்ட கடிதத்தில். பத்து வருஷமாக வகுப்பில் தப்பாக நடத்திவந்திருக்கிறேன். 1974 ஒப்பந்தமும் அப்படித்தான். ஐந்தாம் பிரிவு, நம் மீனவர்களும் யாத்ரீகர்களும் விசா இல்லாமல் கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. மீன்பிடிக்கலாம் என்று அதில் ஒரு சொல் இல்லை. ஆறாம் பிரிவோ, இரு நாட்டுக் கலங்களுக்கும் மற்றவர் கடலில் வழக்கமாக இருந்த உரிமை தொடரும் என்கிறது. எங்கள் ஊர் மேடைகளில் இரண்டையும் ஒன்றாகப் பிசைந்து பேசுவார்கள், நானும் பிசைந்திருந்தேன்.

அப்புறம் சங்காயம். மடியை இழுத்து மேலே கொட்டினால் இறால் ஒரு கூடை, மிச்சம் குஞ்சும் நண்டும் பாசியும் பேர் தெரியாததுமாக ஒரு குவியல். அதுதான் சங்காயம். ஆங்கிலத்தில் அதற்கு நான் போட்டிருந்த சொல் ‘பைகேட்ச்’. எல்லா அறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறது. எடிட்டர் கேட்டார்: ‘தெரியாமல் மாட்டிக்கொண்டதைக் கடலில் திருப்பிப் போடுகிறார்களா?’ இல்லை, விற்கிறோம் என்றேன். கோழித்தீவனத்துக்கு, கிலோ கணக்கில். இறால் குறைந்த நாளில் டீசல் காசே அதில்தான் வரும். ‘அப்படியானால் அது எப்படித் தற்செயல்?’ என்றார். பதில் சொல்ல முடியவில்லை. வேண்டாததைப் பிடிப்பதே ஒரு வருமானமாக இருக்கும்வரை கடலின் அடி சுரண்டப்படும் என்ற என் வாதம் அந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தது. பைகேட்ச்சை அடித்துவிட்டுச் சங்காயம் என்றே எழுதி, பக்கத்தில் விளக்கம் கொடுத்தேன்.

கடைசியாகப் பரிந்துரை. ‘பேச்சுவார்த்தை தொடர வேண்டும்’ என்ற வரி மேல் சிவப்புக் கோடு. யார், யாரோடு, எதைப் பற்றி, எப்போதுக்குள்? 2014இலும் 2015இலும் மீனவர்களே எதிரெதிரே உட்கார்ந்து பேசினார்கள். 2016 நவம்பரில் இரு அரசுகளும் கூட்டுப் பணிக்குழு அமைத்தன. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. அதே வருஷம் இங்கே 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடலில் சூரை (டூனா) மீன் பிடிக்கும் தூண்டில் படகுகளாக மாற்ற 1,600 கோடித் திட்டம் வந்தது. படகுக்கு 80 லட்சம்: பாதி மத்திய அரசு, 20 சதவீதம் மாநிலம், 20 சதவீதம் வங்கிக் கடன், மீதி 8 லட்சம் நாம் போட வேண்டும்.

இதை அப்பாவிடம் விளக்கினேன். திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“இதெல்லாம் ஓனருக்கு. எங்களுக்கு என்ன போட்ருக்கு?”

“உங்களுக்குன்னு தனியா ஒண்ணும் இல்லப்பா.”

“நாங்க ஒரு ராத்திரி தொழில் பாத்துப் பழகுனவங்க. சனி, திங்க, புதன் போவோம், மறுநாக் காலையில கரை. சூரைக்குன்னா தங்குகடல், வாரக்கணக்குல ஆழத்துல நிக்கணும். அந்தத் தொழில் தெரிஞ்சவன் வேற ஊர்க்காரன். படகு மாறுனா ஆளும் மாறிடும்மா.”

என் முதல் பரிந்துரை இதுதான். படகை வாங்கி உடைக்கக் கொடுக்கும் பணத்தில் அதில் ஓடும் ஆட்களுக்கும் ஒரு பங்கு எழுதப்பட வேண்டும், சூரை வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழி இருக்க வேண்டும். இரண்டாவது, பாக் விரிகுடாவில் இழுவைமடி நிற்க வேண்டும், தேதி குறித்து. இதை டைப் செய்யும்போது கை கூசியது. அந்த மடியில்தான் நான் படித்தேன்.

அதையும் அப்பாவுக்குச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பிறகு சொன்னார்: “எழுது. ஆனா நம்ம தெருவுல யாருக்கும் தமிழ்ல படிச்சுக் காட்டாத.”

கட்டுரை 1,480 வார்த்தையில் வந்தது. தலைப்பை அவர்களே மாற்றிவிட்டார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. சன்மானம் என்று எதுவும் இல்லை. ஒரு கொழும்பு வாசகர் நீளமாகத் திட்டி எழுதியிருந்தார், அவர் சொன்னதில் பாதி சரி.

போனில் திறந்து அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஓரிடத்தில் நிறுத்தி, “இது ஏன் சாஞ்சிருக்கு?” என்றார்.

“அது சங்காயம்பா. வேற மொழிச் சொல்லுன்னா சாய்ச்சுப் போடுவாங்க.”

“டெல்லிக்காரனுக்குச் சங்காயம் தெரியாதா?” என்று கேட்டுவிட்டு, அந்தச் சொல்லைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.