கும்பகோணத்துக்குக் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு

மாமா பேத்தியின் கல்யாணம் உப்பிலியப்பன் கோவிலில். முதல் நாள் மாலை நிச்சயதார்த்தம், மறுநாள் காலை முகூர்த்தம், அன்று ராத்திரியே சென்னைக்கு ரயில். கூட வந்தது 72 வயது அம்மா. இதற்கு முன் மூன்று கல்யாணங்களுக்குக் கும்பகோணம் போய், மண்டபத்தைத் தவிர எதையும் பார்க்காமல் திரும்பியிருக்கிறேன். அந்த ஏக்கத்தில் இந்தத் தடவை நேரத்தை முன்பே பிரித்து வைத்துக்கொண்டேன்.

எழும்பூர் இரவு ரயில் விடிவதற்குள் இறக்கிவிட்டுவிடும். ஆகவே ரூம் போடும்போது முதலில் கேட்க வேண்டியது, 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா என்பதுதான். போன தடவை இதைக் கேட்காததால், காலை 5 மணிக்கு நுழைந்த எங்களிடம் 12 மணிக்கே ஒரு நாள் வாடகையை முடித்துவிட்டார்கள். பெரியவர்களோடு போனால் லிஃப்ட் இருக்கிறதா, வெந்நீர் எத்தனை மணி வரை வரும் என்றும் கேட்டுவிடுங்கள். நாங்கள் மகாமகக் குளத்தின் அருகே தங்கினோம். காலையில் அம்மா குளத்தைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். 2016க்குப் பிறகு அடுத்த மகாமகம் 2028இல். அந்தக் கூட்டத்தில் இப்படி நடக்க முடியாது.

கோவில்கள் பெரும்பாலும் பகல் 12 மணிக்கு நடை சாத்தி 4 மணிக்குத்தான் திறக்கும். கல்யாணச் சாப்பாடு முடிந்து நாம் கிளம்பும் நேரமும் அதுதான்! ஆகவே கோவிலை முதல் நாள் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு இடம்தான் முடியும் என்றால், கண்ணை மூடிக்கொண்டு தாராசுரம் என்பேன். ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர், ஆட்டோவே போதும். இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோவில். மரத் தேர்களையே பார்த்த கண்ணுக்கு, கல்லே தேராகிக் குதிரையும் சக்கரமுமாக நிற்கும் ராஜகம்பீரன் மண்டபம் பெரிய ஆச்சரியம். ஆனால் என்னை அசையவிடாமல் நிறுத்தியது சுவரின் அடிப்பகுதியில் ஓடும் நாயன்மார் கதைச் சிற்பங்கள். ஒவ்வொன்றும் சின்னஞ்சிறியது. குனிந்து பார்த்தால் ஒரு வாழ்க்கையே அதற்குள் நடக்கிறது. சாய்ந்த வெயில் பட்டபோது அவை இன்னும் தெளிவாகத் தெரிந்தன. ஒரு தலையை யானையும் காளையும் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பத்தை அம்மா கையால் பாதி மறைத்து மறைத்துப் பார்த்தாள். ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு நேரத்தோடு போய்விட்டோம்.

திருநாகேசுவரத்தை ஒட்டிய உப்பிலியப்பன் கோவிலில் பெருமாளே மாப்பிள்ளை. மார்க்கண்டேயர், பெண் சின்னவள், உப்புப் போட்டுச் சமைக்கக்கூடத் தெரியாது என்று தயங்க, உப்பில்லாமலே சாப்பிடுகிறேன் என்று பூமிதேவியைக் கைப்பிடித்தார் என்பது தலவரலாறு. இன்றும் நைவேத்தியத்தில் உப்பு இல்லை. அந்தச் சந்நிதியில் நம் வீட்டுப் பெண் மாலையோடு நின்றபோது எனக்குக் கண் கலங்கியது. பிரசாதத்தை மட்டும் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். உப்பில்லாத புளியோதரையின் ருசி தனி.

மண்டபத்துச் சாப்பாட்டுக்கு வெளியே ஒரு வேளையாவது சாப்பிடுங்கள். இட்லிக்குத் தொட்டுக்கொள்ள பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் செய்யும் கடப்பா இந்தப் பக்கத்துக்கே உரியது. எல்லா நாளும் எல்லாக் கடையிலும் இருக்காது, கேட்டுவிட்டு உட்காருங்கள். காபியைப் பித்தளை டபரா டம்ளரில், சர்க்கரை குறைவாகக் கேளுங்கள். அப்போதுதான் டிகாஷன் மணம் தெரியும்.

முகூர்த்தத்தன்று பகலுக்கு நாச்சியார்கோவில். காவிரி வண்டலில் அச்செடுத்து, பித்தளையை உருக்கி வார்த்து, கடைசல் பிடித்துக் குத்துவிளக்கு செய்யும் ஊர். கோவில் சாத்தியிருந்தாலும் பட்டறையில் வேலை நடந்துகொண்டிருந்தது. அனலடிக்கும் அந்த இடத்தில் உட்கார்ந்து அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்த பெரியவரோடு அம்மா வெகுநேரம் பேசினாள். உச்சியில் அன்னம் வைத்த ஒரு ஜோடி விளக்கை எடை போட்டு வாங்கினோம். பட்டு எடுக்க நினைப்பவர்களுக்குத் திருபுவனமும் பக்கம்தான். சுவாமிமலைக்கு எங்களுக்கு நேரமில்லை.

மாலையில் மண்டபத்துக்குத் திரும்பியபோது பெண் புகுந்த வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். விளக்குகளை அவளிடம் கொடுத்ததும், "அத்தைப் பாட்டி, இவ்வளவு கனத்தை எப்படிக் கொண்டுபோறது?" என்றாள். அம்மா தரையில் உட்கார்ந்து விளக்கைத் திருகிக் கழற்றி, பீடம், தண்டு, தட்டு, அன்னம் என்று தனித்தனியாகத் துணியில் சுற்றி, எதன் மேல் எது வரும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.