டூமமாக் குன்றில் நூறாண்டுக் கணக்கு: ஃபாரஸ்ட் ஷ்ரீவின் பாலைவன ஆய்வுகள்

வறண்ட நிலத் தாவரங்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கும் எவரும் ஏதோ ஒரு கட்டத்தில் ஃபாரஸ்ட் ஷ்ரீவ் என்ற பெயரை எதிர்கொள்வார்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரை ஒட்டி நிற்கும் டூமமாக் என்ற குன்றின் மேல் இருந்த பாலைவன ஆய்வுக்கூடத்தில் 1908 முதல் பணியாற்றிய தாவரச் சூழலியலாளர் அவர். பெரிய கோட்பாடு எதையும் அவர் தம் பெயரில் விட்டுச் செல்லவில்லை. பாடநூல்களில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பத்திதான். ஆனால் ஒரு செடியை ஒருமுறை பார்ப்பதற்கும், அதே செடியைப் பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் போய்ப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிவியலாக மாற்றியவர்களில் அவர் முன்வரிசையில் நிற்பவர் என்பது என் கணிப்பு. அவருடைய முடிவுகளில் ஒன்றைப் பின்னாளில் திருத்த உதவியதும் அந்தக் குன்றின் நீண்டகாலப் பதிவுகளே என்பதுதான் அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் ஈர்த்த செய்தி.

ஷ்ரீவ் 1878இல் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1905இல் முனைவர் பட்டம் பெற்றார். பாலைவனத்துக்கு வருவதற்கு முன் அவர் ஆராய்ந்த இடம் அதற்கு நேர் எதிரானது: ஜமைக்கா தீவின் நீலமலைகளில், ஆண்டு முழுவதும் மூடுபனி தவழும் மழைக்காடு. அங்கே ஈரம் எப்போதும் மிகுந்திருந்தும் மரங்கள் மிக மெதுவாகவே வளர்வதை அவர் கவனித்தார். நீர் மிகுந்தால் வளர்ச்சியும் மிகும் என்ற எளிய எதிர்பார்ப்பு அங்கேயே அவருக்கு உடைந்திருக்க வேண்டும். அந்த ஆய்வு 1914இல் தனி நூலாக வெளிவந்தபோது அவர் பாலைவனத்தில் ஆறாண்டுகளைக் கழித்திருந்தார்.

டூமமாக் ஆய்வுக்கூடத்தை வாஷிங்டனைச் சேர்ந்த கார்னகி நிறுவனம் 1903இல் தொடங்கியது. குன்றைச் சுற்றி ஏறத்தாழ 860 ஏக்கர் நிலத்தை ஆய்வுக்கூடத்தார் வேலியிட்டு, கால்நடைகள் நுழையாதபடி செய்தார்கள். அக்காலத்தில் மேய்ச்சல் நிலத்தின் நடுவே இவ்வளவு பெரிய பரப்பை வெறுமனே விட்டு வைப்பது வீண் என்று பலருக்குத் தோன்றியிருக்கும். வோல்னி ஸ்பால்டிங் என்ற மூத்த தாவரவியலாளர் 1906இல் அந்த நிலத்தில் சில சதுரங்களை அளந்து, மூலைகளில் அடையாளமிட்டு, உள்ளே இருந்த ஒவ்வொரு பல்லாண்டுத் தாவரத்தையும் வரைபடத்தில் குறித்தார். பெரும்பாலும் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் அளவுள்ள சதுரங்கள் அவை. சிறிது காலத்தில் ஸ்பால்டிங் அங்கிருந்து விலகினார். அந்த வரைபடங்கள் ஏதோ ஓர் அலமாரியில் மறைந்து போகாமல் இருந்ததற்கு ஷ்ரீவே முக்கியக் காரணம். அவர் அச்சதுரங்களுக்குத் திரும்பத் திரும்பச் சென்று மீண்டும் வரைந்தார். எந்தப் புதர் இருக்கிறது, எது இறந்தது, எது புதிதாக முளைத்தது, எதன் கிளைப்பரப்பு எவ்வளவு விரிந்தது என்று குறித்துக்கொண்டார்.

முதல் ஆண்டுகளிலேயே அவர் கையிலெடுத்த கேள்வி எளிமையானது: பாலைவனத்தில் ஒரு மரம் எப்படி மரமாகிறது? இதற்கு அவர் தேர்ந்தெடுத்தது பாலோ வெர்டே என்ற சிறுமரம். வறட்சி நீளும்போது தன் நுண்ணிலைகளை உதிர்த்துவிட்டுப் பச்சைநிறப் பட்டையைக் கொண்டே உணவு தயாரித்துக்கொள்ளும் மரம் இது. கோடை மழைக்குப் பின் அதன் விதைகள் ஏராளமாக முளைக்கும். ஷ்ரீவ் குறிப்பிட்ட ஒரு பரப்பில் முளைத்த நாற்றுகளை ஒவ்வொன்றாக அடையாளமிட்டு, அவற்றின் இறப்பைத் தொடர்ந்து கணக்கெடுத்தார். மழை நின்ற பின் வரும் வறட்சியிலும், முயல்களும் எலிகளும் கடித்ததிலும் பெரும்பாலானவை முதல் ஆண்டுக்குள்ளேயே மடிந்தன. சில ஆண்டுகள் கழித்து எஞ்சியவை மிகச் சொற்பம். ஆனால் முளைப்பருவத்தைத் தாண்டி நிலைபெற்ற மரமோ நூறாண்டுகளுக்கு மேலும் உயிர் வாழக்கூடியது. ஆகவே பாலைவனத்தில் நாம் காணும் காட்சி இன்றைய தட்பவெப்பத்தின் விளைவாக மட்டும் இருப்பதில்லை. எப்போதோ வாய்த்த சில நல்ல ஆண்டுகளின் எச்சமாகவும் அது இருக்கிறது. இன்று இது சாதாரணமாகச் சொல்லப்படும் கருத்து. 1910களில் இதை நாற்று நாற்றாக எண்ணிக் காட்டியவர்கள் மிகக் குறைவு.

அதே காலத்தில்தான் சகுவாரோ என்ற ராட்சதக் கள்ளியையும் அவர் ஆராய்ந்தார். ஆளைவிடப் பல மடங்கு உயரமாக, கைகளை விரித்தாற்போல் நிற்கும் அந்தக் கள்ளியின் பேரினத்துக்கே கார்னகி நிறுவனத்தைத் தோற்றுவித்த செல்வந்தரின் பெயரைத் தாவரவியலாளர்கள் 1908இல் சூட்டினார்கள் என்பது ஒரு வேடிக்கையான ஒட்டு. இந்தக் கள்ளி வடக்கே ஓர் எல்லைக்கு மேல் ஏன் பரவவில்லை என்பதற்கு ஷ்ரீவ் 1911இல் வெளியிட்ட விளக்கம் இன்றும் வாசிக்கத் தகுந்தது. பாலைவனத் தாவரத்தின் எல்லையை வறட்சியோ வெப்பமோதான் தீர்மானிக்கும் என்று எவரும் முதலில் நினைப்பார்கள். அவரோ குளிரைக் காரணமாகக் காட்டினார். அதிலும், வெப்பநிலை எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதைவிட, உறைநிலைக்குக் கீழே எத்தனை மணி நேரம் தொடர்ந்து நிற்கிறது என்பதே முக்கியம் என்றார். இரவில் உறைந்தாலும் மறுநாள் நண்பகலில் வெயில் வந்து இளகினால் கள்ளி பிழைத்துக்கொள்ளும். பகலிலும் உறைநிலை நீங்காமல் ஒரு நாள் கடந்தால் அதன் திசுக்கள் மீள்வதில்லை. எல்லையை நிர்ணயிப்பது ஆண்டின் சராசரியா, அல்லது எப்போதாவது வரும் ஒரு கொடிய நாளா என்ற கேள்வியை இவ்வளவு தெளிவாக அவர் முன்வைத்தது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இதே கேள்வியை அவர் டூசானுக்கு வடகிழக்கே உள்ள சாண்டா கேட்டலினா மலைத்தொடருக்கும் கொண்டு சென்றார். அடிவாரத்தில் கள்ளிகளும், உச்சியில் ஊசியிலைக் காடுகளும் கொண்ட அந்த மலையில் வெவ்வேறு உயரங்களில் மழைமானிகளையும் வெப்பமானிகளையும், நுண்துளைகள் கொண்ட களிமண் கிண்ணத்தால் செய்த ஆவியளவிகளையும் வைத்து அளந்தார். 1915இல் வெளிவந்த அந்த ஆய்வின் சாரம் ஒரு சமச்சீரின்மை: பாலைவனச் செடிகள் மலையில் எவ்வளவு உயரம் ஏறலாம் என்பதைக் குளிர்காலக் குளிர் தீர்மானிக்கிறது, காட்டு மரங்கள் எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதை மண்ணின் ஈரத்துக்கும் காற்றின் உலர்த்தும் திறனுக்கும் இடையிலான விகிதம் தீர்மானிக்கிறது. தெற்கு நோக்கிய சரிவுகளில் பாலைவனச் செடிகள் வடக்கு நோக்கிய சரிவுகளைவிட வெகு உயரம் வரை ஏறியிருந்தன. இரவில் குளிர்ந்து கனத்த காற்று பள்ளத்தாக்குகளில் வழிந்து தேங்குவதால், கீழே இருக்கும் பள்ளத்தைவிட மேலே இருக்கும் சரிவு வெதுவெதுப்பாக இருப்பதையும் அவர் அளந்து காட்டினார். கள்ளிகள் பள்ளங்களை விட்டுச் சரிவுகளில் செழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே ஈடித் பெல்லமி ஷ்ரீவைப் பற்றிச் சொல்லாமல் போவது நியாயமாகாது. இயற்பியல் பயின்ற ஈடித், 1909இல் ஷ்ரீவை மணந்து டூசானுக்கு வந்தார். பாலோ வெர்டேயின் நீராவிப்போக்கு ஒரு நாளில் மணிக்கு மணி எப்படி ஏறி இறங்குகிறது என்பதை அளந்து, 1914இல் தம் பெயரிலேயே ஆய்வு நூல் வெளியிட்டவர் அவர். காற்று நீரை உறிஞ்சும் அளவுக்கு ஏற்ப மரம் நீரை இழப்பதில்லை, மரம் தானாகவே அந்த இழப்பைக் கட்டுப்படுத்துகிறது என்பதை அவருடைய அளவீடுகள் காட்டின. கணவர் நிலப்பரப்பு முழுவதையும் பார்த்தார் என்றால், மனைவி ஒற்றைக் கிளையைப் பார்த்தார். ஆனால் பெயரும் புகழும் சமமாகப் பகிரப்படவில்லை.

அமைப்புகளைக் கட்டும் பணியிலும் ஷ்ரீவுக்குப் பங்குண்டு. 1915இல் அமெரிக்கச் சூழலியல் சங்கம் தோன்றியபோது அதன் முதல் செயலாளராக இருந்தார், பின்னர் தலைவரானார். அவர் ஆண்டுக்கணக்கில் நடத்திவந்த ஒரு தாவரவியல் இதழே 1920இல் அச்சங்கத்தின் ஆய்விதழாக உருமாறியது. இவற்றை விரித்துச் சொல்வதில் எனக்கு அதிக ஆர்வமில்லை. அவருடைய உண்மையான சண்டை வேறிடத்தில் நடந்தது.

அக்காலத்தில் தாவரச் சூழலியலை ஆண்ட கருத்து ஃபிரெடரிக் கிளமென்ட்ஸ் வகுத்த வழிமுறை வளர்ச்சிக் கோட்பாடு. வெற்று நிலத்தில் முதலில் சில முன்னோடிச் செடிகள் வரும், அவை மண்ணைப் பண்படுத்த அடுத்த கூட்டம் வரும், இப்படிப் படிப்படியாக உச்ச சமுதாயம், அதாவது மேலும் மாறாமல் நிலைத்து நிற்கும் தாவரக் கூட்டம், ஒன்று அமையும் என்பது அதன் சுருக்கம். கிளமென்ட்ஸும் அதே கார்னகி நிறுவனத்தில் பணியாற்றியவர். டூசானிலேயே தங்கி ஆராய்ந்தவர். ஷ்ரீவோ தம் சதுரங்களில் அப்படி எதையும் காணவில்லை. பாலைவனத்தில் ஒரு செடி இறந்த இடத்தை நிரப்ப வருவது பெரும்பாலும் ஏற்கெனவே அக்கம்பக்கத்தில் இருக்கும் இனங்களே; முதலில் வரும் இனங்களும் இறுதியில் இருக்கும் இனங்களும் ஒன்றே; மண்ணைப் பண்படுத்திக் கொடுக்கும் முன்னோடிகள் அங்கில்லை என்று அவர் வாதிட்டார். 1929இல் ஒரு கட்டுரையும், 1937இல் ஆர்தர் ஹிங்க்லியுடன் சேர்ந்து முப்பதாண்டு மாற்றங்களைப் பற்றிய மற்றொரு கட்டுரையும் எழுதினார். கோட்பாட்டுக்கு எதிராகக் கோட்பாடு எதையும் அவர் நிறுத்தவில்லை, வரைபடங்களை நிறுத்தினார். அந்த வாதம் முழுமையானது என்று சொல்ல மாட்டேன். பாலோ வெர்டேயின் நிழலில் வளரும் சகுவாரோ, பிறகு நீருக்கான போட்டியில் அந்தச் செவிலி மரத்தையே நலிவடையச் செய்கிறது என்று 1980களில் ஜோசப் மெக்காலிஃப் காட்டினார். அப்படியானால் பாலைவனத்திலும் ஒன்றை அடுத்து மற்றொன்று வரும் ஒழுங்கு கொஞ்சம் உண்டு. ஆயினும் கோட்பாட்டின் பொருட்டுக் கண்ணால் கண்டதை வளைக்க மறுத்த ஷ்ரீவின் பிடிவாதம் அறிவியலுக்கு நன்மையே செய்தது.

1930களில் அவர் முழு சோனோரன் பாலைவனத்தையும் ஆராயும் திட்டத்தைத் தொடங்கினார். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஐரா விகின்ஸ் இனங்களைப் பட்டியலிட, ஷ்ரீவ் தாவரத்தொகுதியைக் கவனித்தார். அரிசோனாவிலிருந்து மெக்ஸிகோவின் சோனோரா மாநிலமும் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பமும் வரை விரிந்த நிலத்தைத் தாவரங்களின் உருவமைப்பைக் கொண்டு ஏழு உட்பிரிவுகளாக வகுத்தார். வட அமெரிக்கப் பாலைவனங்கள் கிரேட் பேசின், மொஹாவே, சோனோரன், சிவாவா என நான்கு என்று அவர் 1942இல் வரையறுத்த பகுப்பே இன்றும் பெரும்பாலும் நிலைக்கிறது. ஏழு உட்பிரிவுகளில் சோனோரா மலையடிவாரப் பகுதியை மட்டும் பின்வந்தவர்கள் முள்காடு என்று கருதிப் பாலைவனத்திலிருந்து விலக்கினார்கள். ஆய்வுக்கூடத்தை நிறுவனம் 1940இல் கைவிட்டது. ஷ்ரீவ் 1950இல் மறைந்தார். சோனோரன் தாவரத்தொகுதி பற்றிய அவருடைய நூல் மறு ஆண்டு வெளிவந்தது.

இனி தொடக்கத்தில் சொன்ன திருத்தத்துக்கு வருகிறேன். 1910இல் ஷ்ரீவ், டூமமாக் குன்றில் இளம் சகுவாரோக்கள் மிகக் குறைவாக இருப்பதைக் கண்டு, இந்த இனம் தன் எண்ணிக்கையைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை என்று எழுதினார். இதே குன்றில் 1908இல் ஸ்பால்டிங் கணக்கெடுத்த பரப்புகளைப் பின்னாளில் மீண்டும் மீண்டும் எண்ணிய எலிசபெத் பியர்சனும் ரேமண்ட் டர்னரும் 85 ஆண்டுத் தரவுகளை 1998இல் வெளியிட்டார்கள். சகுவாரோ அலை அலையாக நிலைபெறும் இனம் என்பதை அத்தரவுகள் காட்டின: பல பத்தாண்டுகள் நாற்றே நிலைக்காமல் போகும், பிறகு சாதகமான காலம் வந்தால் கூட்டமாக நிலைக்கும். ஷ்ரீவின் எண்ணிக்கை சரிதான். இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட தாழ்வில் நின்று எண்ணியிருந்தார். ஸ்பால்டிங்கின் வரைபடச் சதுரங்களிலோ டெபோரா கோல்ட்பர்க்கும் டர்னரும் 1906 முதல் 1978 வரையிலான மாற்றங்களை ஆராய்ந்தபோது, செடிகளின் அளவும் அடர்த்தியும் பெரிதும் ஏறி இறங்கியிருந்தாலும், ஒரே திசை நோக்கிய தொடர்ச்சியான மாற்றம் தென்படவில்லை. வழிமுறை வளர்ச்சியைப் பற்றிய ஷ்ரீவின் ஐயத்துக்கு இது வலுச் சேர்த்தது.

அந்நிலம் 1960இல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. 1980களின் தொடக்கம் முதல் லாரன்ஸ் வெனபிளும் அவருடைய குழுவினரும் அங்கே குளிர்கால ஓராண்டுச் செடிகளை ஆண்டுதோறும் எண்ணி வருகிறார்கள். மேய்ச்சலுக்காக அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட கொழுக்கட்டைப்புல் இப்போது குன்றின் சரிவுகளில் பரவி, தீ பழகாத அந்த நிலத்தில் எரிபொருளைச் சேர்த்து வருகிறது. அதைப் பிடுங்குவதே அங்குள்ளோருக்குப் பெரும் வேலை. சதுரங்களின் 106 ஆண்டுப் பதிவுகள் 2013இல் பொதுவில் வெளியிடப்பட்டன. ஒவ்வொரு செடிக்கும் இடமும் ஆண்டும் குறிக்கப்பட்ட அந்தத் தொகுப்பை எவரும் தரவிறக்கி, தமக்குத் தோன்றும் கேள்வியை அதனிடம் கேட்கலாம்.