கடலூரின் கடைசிப் புள்ளி

மஞ்சக்குப்பத்தில் முந்திரிக் கடை நடத்தும் அக்காவுக்காகச் சென்ற மாதம் பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு சிறிய நிரல் எழுதினேன். கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, பாகூர் என்று ஊர்வாரியாகச் சில்லறைக் கடைகள் தர வேண்டிய பாக்கியை நோட்பேடில் வரிக்கு ஒன்றாகத் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். நிரல் அந்தக் கோப்பைப் படித்து, அன்றைய வரவைக் கழித்து, மீதியை அதே கோப்பில் எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை.

முதல் ஓட்டத்திலேயே நின்றுவிட்டது. 17ஆம் இடத்தில் இருக்கும் 8டி என்ற பைட்டைப் படிக்க இயலவில்லை என்றது பிழைச்செய்தி. பைட் என்பது கணினி தகவலைச் சேமிக்கும் சிறு அலகு; 8டி என்பது அதன் மதிப்பைப் பதினாறடிமான முறையில் எழுதியது.

பைத்தான் சுழியத்திலிருந்து எண்ணுவதால் 17ஆம் இடம் என்பது 18ஆவது பைட். கோப்பின் முதல் சொல் 'கடலூர்'. நம் கணக்கில் அது நான்கு எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடோ அதை க, ட, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று ஆறாகப் பிரித்து வைக்கிறது. அந்த எண்களைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் இவை ஒவ்வொன்றும் 3 பைட் எடுத்துக்கொள்வதால் மொத்தம் 18 பைட். ஆக, நிரல் இடறி விழுந்தது ஊர்ப் பெயரின் கடைசிப் புள்ளியில், அதிலும் அதன் கடைசி பைட்டில்.

நோட்பேட் கோப்பை யூடிஎஃப்-8 ஆகத்தான் சேமித்திருந்தது. ஆனால் கோப்பைத் திறக்கும் 'ஓப்பன்' கட்டளையில், எந்த முறையில் பைட்டுகளை எழுத்தாக்க வேண்டும் என்று சொல்லும் 'என்கோடிங்' எதையும் நான் குறிப்பிடாததால், பைத்தான் என் விண்டோஸ் மடிக்கணினியின் வழக்கமான 1252 என்ற அட்டவணையை எடுத்துக்கொண்டது. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்காக உருவான அந்த அட்டவணையில் 81, 8டி, 8எஃப், 90, 9டி ஆகிய ஐந்து இடங்கள் காலியாக உள்ளன. புள்ளியின் மூன்றாவது பைட் 8டி. உகரக் குறியின் மூன்றாவது பைட் 81. ஓலையில் புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்று அக்காலத்தில் அதை விட்டுவிட்டு எழுதினார்கள்; எனக்கு வாய்த்த ஏடும் அப்படிப்பட்டதுதான் போலும். கோப்பில் 'கடலை' என்று மட்டும் இருந்திருந்தால் பிழையே வந்திருக்காது, பொருளற்ற ஐரோப்பியக் குறிகள் சத்தமில்லாமல் உள்ளே வந்திருக்கும். அதைவிட நின்றுபோனதே மேல்.

படிக்கும் வரியில் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று சேர்த்தவுடன் பட்டியல் ஒழுங்காகத் திரையில் வந்தது. அந்த மகிழ்ச்சியில், எழுதும் வரியிலும் அதையே சேர்க்க வேண்டும் என்பது நினைவுக்கு வரவில்லை. 'டபிள்யூ' என்ற எழுதும் முறையில் திறந்தால், ஓர் எழுத்துக்கூட எழுதப்படுவதற்கு முன்பே, திறந்த அந்த நொடியிலேயே கோப்பின் பழைய உள்ளடக்கம் முழுவதும் அழிந்துவிடும். என் நிரல் அப்படித்தான் கோப்பைக் காலி செய்தது. பிறகு 1252இல் 'க' என்ற எழுத்துக்கு இடமே இல்லை என்று பிழை காட்டி நின்றது. 'வித்' என்ற கட்டமைப்பும் தன் கடமை தவறாமல், வெறும் கோப்பைப் பத்திரமாக மூடி வைத்தது. அளவு 0 பைட்.

"பாக்கியெல்லாம் எங்கடா?" என்றார் அக்கா. நல்லவேளையாக அவருடைய நீள நோட்டு கல்லாப்பெட்டிக்கு அடியில் இருந்தது. இரவு பத்து மணி வரை அவர் வாசிக்க நான் மறுபடி தட்டச்சு செய்தேன்.

இப்போது நிரல் பழைய கோப்பைத் தொடுவதில்லை. புதிய பெயரில் முழுவதையும் எழுதி மூடிய பிறகே, 'ஓஎஸ்' தொகுதியிலுள்ள 'ரீப்ளேஸ்' கொண்டு பழையதன் இடத்தில் வைக்கிறது. வரவுகளை மட்டும் தனிக் கோப்பில் 'ஏ' முறையில் கடைசியில் சேர்க்கிறேன். அது இருப்பதை அழிக்காது. பைத்தான் 3.15 முதல் யூடிஎஃப்-8 தானாகவே இயல்பாகிவிடும் என்றாலும், என்கோடிங்கை இரண்டு வரிகளிலும் எழுதியே வைத்திருக்கிறேன். அக்காவும் நோட்டில் எழுதுவதை நிறுத்தவில்லை.