லேத்து முதலில், வெல்டிங் செட் கடைசியில்

பின்பக்கப் பட்டறை ஷெட் நிற்கும் வரைக்கும் வீட்டை விற்க முடியாது. ஷெட்டைப் பிரித்துவிட்டால் வீட்டு வேலையை முடிக்க முடியாது. 2025 சித்திரையிலிருந்து ஆனி வரைக்கும் எங்கள் வீட்டில் நடந்த பேச்சு, சண்டை, கணக்கு எல்லாம் இதற்குள்தான்.

சேலத்தில் கன்னங்குறிச்சிப் பக்கம் 2015-ல் நாலு சென்ட் மனை வாங்கினேன். பின்பக்கம் தகர ஷெட் போட்டு ஒரு நாலரை அடி லேத்து (இரும்பைச் சுழற்றிக் கடையும் மிஷின்), பில்லர் டிரில்லிங், பெஞ்ச் கிரைண்டர், வெல்டிங் செட் என்று சின்னதாகக் கடைசல் பட்டறை. சிவதாபுரம், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறைகளிலிருந்து கொலுசுக் கம்பி நீட்டும் மிஷினின் உருளைகள் வரும், கடைந்து மெருகேற்றிக் கொடுப்பேன். அம்மாப்பேட்டையிலிருந்து தறிக்குப் புஷ், ஷாஃப்ட் வரும். 2023 கடைசியில் முன்பக்கம் வீடு ஆரம்பித்தேன். காண்ட்ராக்டர் கிடையாது. கொத்தனாருக்கு லேபர் ரேட் பேசிவிட்டு செங்கல், கம்பி, எம்-சாண்ட் எல்லாம் நானே இறக்கினேன். கிரில், கேட், மாடிப்படிக் கைப்பிடி என் வேலை.

பூச்சு முடிந்த சமயத்தில் சிவதாபுரத்தில் ஒரு வாடிக்கையாளரின் காலி ஷெட் வாடகைக்கு அமைந்தது. என் வேலையில் முக்கால்வாசி அந்தப் பக்கம்தான். வீட்டுக் கடனும் கழுத்துக்கு வந்திருந்தது. விற்றுவிடலாம் என்று நானும் மனைவியும் முடிவெடுத்தோம். பூச்சோடு அப்படியே கொடுத்துவிடலாமா என்றும் பார்த்தோம். வந்தவர்கள் பாக்கி வேலைக்கு அவர்களாக ஒரு தொகை போட்டார்கள், அதை முடிக்கும் தலைவலிக்கு இன்னொரு தொகை போட்டார்கள், இரண்டையும் விலையில் கழித்தார்கள். முடித்து விற்பதுதான் லாபம் என்று தெரிந்துபோனது.

ஷெட் ஏன் இடைஞ்சல் என்றால், வாங்குகிறவர் பெரும்பாலும் வங்கிக் கடனில்தான் வாங்குவார். வங்கி வக்கீல் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கம் பார்ப்பார். அது எனக்குச் சுத்தமாக இருந்தது. அடுத்து மதிப்பீட்டு இன்ஜினியர் வருவார். எங்களுடையது போன்ற சின்னத் தனி வீட்டுக்குத் தமிழ்நாட்டு விதிப்படி பணி நிறைவுச் சான்று கட்டாயமில்லை. அதனாலேயே அவர் அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு டேப் பிடித்து அளந்து பார்ப்பார். என் வரைபடத்தில் பின்பக்கம் காலியிடம். நிஜத்தில் அங்கே பட்டறை. ‘விதிமீறல்’ என்று அவர் ஒரு வரி எழுதினால் கடன் தொகை குறையும், இல்லை கடனே நின்றுபோகும். அதனால் வாங்குகிறவர் வருவதற்கு முன்பே அது காணாமல் போயாக வேண்டும்.

ஆடிக்குள் பத்திரம் முடிய வேண்டும் என்பது இன்னொரு நெருக்கடி. சேலத்தில் ஆடி என்றால் கோட்டை மாரியம்மன் பண்டிகை. ஊரே அந்த வேகத்தில் இருக்கும், வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க யாரும் கையை நீட்டமாட்டார்கள். ஆடிப்பெருக்கன்று மட்டும் பதிவு அலுவலகங்களில் கூடுதல் டோக்கன் கொடுத்துக் கூட்டம் சேரும். அதை நம்பி உட்கார எனக்குத் தைரியமில்லை. ஆனிக்குள் முடியாவிட்டால் ஆவணிதான். அதுவரை கடன் வட்டி யார் கட்டுவது?

வேலைகளின் வரிசையைத் தீர்மானித்தது உண்மையில் இரண்டு வகைத் தூசி. டைல்ஸ் அறுக்கும்போது பறக்கும் வெள்ளைத் தூசி லேத்துக்கு எமன். பெட் என்கிற நீண்ட அடித்தளத்தின் மேல் எண்ணெயோடு கலந்து உட்கார்ந்துவிட்டால், கேரேஜ் (வெட்டும் டூலைச் சுமந்து போகும் பாகம்) நகரும் ஒவ்வொரு முறையும் வழுவழுப்பான இரும்பைத் தேய்த்து எடுக்கும். பிளாஸ்டிக் பாய் போட்டு மூடினாலும் அது நுழையும். ஆகவே டைல்ஸ் மேஸ்திரி கால் வைக்கும் முன் லேத்து போயாக வேண்டும். மறுபக்கம், கட்டிங் வீலில் இரும்பு அறுக்கும்போது தெறிக்கும் பொறி டைல்ஸிலும் ஜன்னல் கண்ணாடியிலும் பட்டால் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியில் விரலால் தடவினால் சொரசொரவென்று தட்டுப்படும், டைல்ஸில் ரெண்டு மழை பார்த்தபின் துருப்புள்ளியாக மலரும். தேய்த்தால் லேசில் போகாது. ஆகவே கிரில், கைப்பிடி வெல்டிங் முடிந்த பிறகுதான் டைல்ஸும் கண்ணாடியும்.

இப்படியாக வரிசை தானாக வந்தது. லேத்தில் கடைய வேண்டிய சாமான்களை எல்லாம் முதலில் கடைந்து தள்ளுவது. லேத்தை அனுப்புவது. வெல்டிங். டைல்ஸ். பெயிண்ட். கேட்டை மட்டும் வாசலுக்கு வெளியே ரோட்டோரம் வைத்து வெல்டிங் செய்து, எல்லாம் முடிந்தபின் மாட்டுவது. கடைசியாக வெல்டிங் செட்டும் ஷெட்டும்.

கேட்டின் கீலுக்கு ஊசி, கிண்ணம், கைப்பிடிக் கம்பத்தின் தலைக்கு உருண்டை, தள்ளு கேட்டுக்கு வி-வீல். இதெல்லாம் கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறது, ஆனால் கடையில் விற்கும் வீல் ஒரு வருஷத்தில் ஆட்டம் காணும். பேரிங் போட்டு நானே கடைந்ததை ஒரு பெயிண்ட் டப்பாவில் கிரீஸ் பூசிப் போட்டு, மேலே துணி கட்டி, மாடி அறையில் பத்திரப்படுத்தினேன். மனைவி பார்த்துவிட்டு, “ஏங்க, விக்கிற வீட்டுக்கு இவ்வளவா?” என்றாள். பதில் சொல்லவில்லை. அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

லேத்து நகர்த்துவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வீட்டில் பட்டறை வைத்திருப்பவர்கள் கேட்பது இதைத்தான். அரை டன்னுக்கு மேல் கனம், அந்தக் கனமும் சமமாக இல்லை. சக் (கம்பியைப் பிடித்துச் சுழற்றும் பிடி) இருக்கும் தலைப்பக்கம்தான் பெரும் எடை. முதலில் கியர் பாக்ஸ் எண்ணெயை வடித்தோம். சக்கைக் கழற்றித் தனியாக எடுத்தோம். கேரேஜையும், கம்பியின் மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக்கையும் வால்பக்கமாகத் தள்ளி இறுக்கினோம், இரண்டு பக்கமும் ஓரளவு சமநிலைக்கு வரும். பெட்டுக்கு முழுக்க கெட்டியாக கிரீஸ் பூசி, எண்ணெய்த்தாள் சுற்றினோம். பெல்ட் போட்டுத் தூக்கும்போது அது பெட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். முன்பக்கம் ஓடும் லீட் ஸ்க்ரூவை (மரை வெட்டும்போது கேரேஜை நகர்த்தும் நீண்ட திருகு) அழுத்தினால் அது வளைந்துவிடும், வளைந்த லீட் ஸ்க்ரூவில் மரை வெட்டுவதை மறந்துவிட வேண்டியதுதான். ஃபவுண்டேஷன் போல்ட்டை விடுவித்து, கடப்பாரையால் ஒரு முனையைத் தூக்கி, அடியில் ஒன்றரை இஞ்ச் பைப் துண்டுகளைக் கொடுத்து உருட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தோம். பின்னால் வெளியேறும் பைப்பை எடுத்து முன்னால் போட ஒரு ஆள், சறுக்காமல் கட்டை கொடுக்க ஒரு ஆள். அவசரப்படுகிறவனை இந்த வேலைக்குக் கூப்பிடவே கூடாது. என்னிடம் வேலை கற்கும் பையன், “அண்ணா, தள்ளிடலாங்ணா” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவனை டீ வாங்க அனுப்பிவிட்டேன்.

வண்டியில் ஏற்ற செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பி. பகலில் அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு, சூரமங்கலம் வழியாக இந்தக் கனத்தை வைத்துக்கொண்டு ஊர்வது நடக்கிற காரியமில்லை. விடியற்காலையில் கிளம்பி, ஊர் எழுவதற்குள் இறக்கிவிட்டோம்.

புது இடத்தில் குறுந்தொழில் கட்டணத்தில் மூன்று பேஸ் இணைப்புக்கு, வாடகை ஒப்பந்தமும் இடத்துக்காரரின் சம்மதக் கடிதமும் வைத்து முன்கூட்டியே மனு போட்டிருந்தேன். லைன் கொடுத்ததும் மோட்டார் தலைகீழாகச் சுற்றியது. இதை எதிர்பார்த்துத்தான் சக்கை மாட்டாமல் வைத்திருந்தேன். திருகில் மாட்டும் சக் என்றால், வேகமாகத் தலைகீழாகச் சுழலும்போது கழன்று பறக்கும். மூன்றில் ஏதாவது இரண்டு ஒயரை இடம் மாற்றினால் திசை சரியாகிவிடும்.

அடுத்தது மட்டம். ஸ்பிரிட் லெவல் வைத்து நாலு காலையும் சரிசெய்தது பாதி வேலைதான். சக்கில் ஒரு தடிமனான கம்பியைப் பிடித்து, டெயில் ஸ்டாக் தாங்கல் இல்லாமல், இரு முனையிலும் ஒரே வெட்டில் மெல்லிசாகக் கடைந்து மைக்ரோமீட்டரில் அளந்தேன். இரண்டு அளவும் ஒன்றாக இல்லையென்றால் பெட் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வால்பக்கக் காலுக்கு அடியில் மெல்லிய தகடு கொடுத்து, மறுபடி கடைந்து, மறுபடி அளந்து, அளவு ஒன்றாக வந்த பிறகுதான் காலுக்கடியில் கிரவுட் (சிமெண்ட் கலவை) ஊற்றினேன். அவசர உருளைகளை அந்த இடைவெளியில் தெரிந்த ஒருவர் பட்டறையில் கடைந்து கொடுத்தேன்.

இந்தப் பக்கம் வீட்டில் வெல்டிங் முடிந்து டைல்ஸ் ஓடியது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. டைல்ஸ், பட்டி, பிரைமர் எல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுபோலவே நடந்தது. மழைதான் விளையாடியது. சித்திரை, வைகாசியில் சேர்வராயன் மலைப்பக்கம் மத்தியானத்துக்கு மேல் கருத்தால், சாயந்திரம் கன்னங்குறிச்சியில் இடியோடு கொட்டும். வெளிச்சுவருக்கு மேல்கோட் அடிப்பதைக் காலையிலேயே முடித்துக்கொள்ளச் சொன்னேன். பெயிண்டருக்கு அது பிடிக்கவில்லை, வெயில் ஏறிய சுவரில் பிரஷ் இழுக்காது என்றார். அதுவும் உண்மைதான். கிழக்குச் சுவரைக் கடைசியாகவும் மேற்குச் சுவரைக் காலையிலும் வைத்துச் சமாளித்தோம்.

ஷெட்டைப் பிரித்தபின் தரை பாக்கி. எனக்கு இதுதான் மிகவும் கவலை கொடுத்த வேலை. பத்து வருஷ எண்ணெய் குடித்த கான்கிரீட். அதன் மேல் எதை ஒட்டினாலும் நிற்காது. உடைத்து எடுத்தோம். அதைச் சுற்றிலும் மண்ணில் கடைசல் சுருள், ஊசி ஊசியாக. வாங்குகிற வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் வெறுங்காலோடு ஓடுமே. பழைய ஸ்பீக்கர் காந்தங்களை ஒரு பலகையில் வரிசையாகத் திருகி, கயிறு கட்டி இழுத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் பலகைக்கடியில் தாடி முளைத்தமாதிரி இரும்பு தொங்கியது. மண்ணைக் கிளறிவிட்டு மறுபடி இழுக்க, மறுபடி வந்தது. பித்தளை, வெண்கலத்தூள் காந்தத்தில் ஒட்டாது, அதனால் மேல்மண்ணை அப்படியே அள்ளி அப்புறப்படுத்திவிட்டுச் செம்மண் கொட்டினோம். மழைநீர்த் தொட்டியும் அந்தப் பின்பக்கத்தில்தான். 2003-லிருந்து தமிழ்நாட்டில் அது கட்டாயம் என்பதால் இன்ஜினியர் அதையும் திறந்து பார்ப்பார் என்று ஜல்லி மாற்றிச் சுத்தம் செய்தேன்.

ஷெட்டின் தகரமும் பைப்பும் வீணாகவில்லை, சிவதாபுரத்தில் முன்சாய்ப்பு போட உதவியது. பட்டறை மின் இணைப்பை ரத்து செய்து டெபாசிட்டைத் திருப்பிக் கேட்டேன். கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்றினேன். சொத்து வரி போட்டுக் கதவு எண் வாங்கினேன். கதவு எண் இல்லாத வீட்டை ஆட்கள் வீடாகவே மதிப்பதில்லை.

தரகர் ஆட்களை மத்தியானத்தில் கூட்டிவந்துகொண்டிருந்தார். அந்த வெயிலில் மொட்டை மாடிக்கு யார் ஏறுவார்? சாயந்திரம் மட்டும் கூட்டிவரச் சொன்னேன். மாடியிலிருந்து மலை முழுசாகத் தெரியும். வந்தவர்களில் பாதிப்பேர் வாஸ்து பார்த்தார்கள். கன்னி மூலையில் படுக்கையறை, ஈசானியத்தில் சம்ப். அது அமைந்திருந்தது, தப்பித்தேன். வாங்கியவர் ஆசிரியர் குடும்பம். அந்த அம்மா கேட்டைத் தள்ளிப் பார்த்தார், விரலால் தள்ளினாலே ஓடியது. “சார், இது எந்தக் கடையில வாங்கினீங்க?” என்றார். மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்ஜினியர் அளந்தார், வரைபடத்தோடு ஒத்துப்போனது. ஆனி முடிவதற்குள் பத்திரம். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், அது வாங்குகிறவர் பாடு. விலை 50 லட்சத்தைத் தாண்டியதால் அவர் 1 சதவீதம் டி.டி.எஸ். (விற்பவர் பேரில் பிடிக்கும் வருமான வரி) பிடித்து என் பான் எண்ணில் கட்டினார். இதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. பத்திரத்தன்று பணம் குறைகிறதே என்று முகம் சுளிக்க வேண்டியிருக்காது.

ஆடிட்டர் மனையையும் கட்டடத்தையும் தனித்தனியாகப் பிரித்தார். மனை பத்து வருஷத்துக்கு முந்தையது, நீண்டகால லாபம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியது என்பதால் பணவீக்கக் கணக்கோடு 20 சதவீதம், அது இல்லாமல் 12.5 சதவீதம், இரண்டில் எதில் வரி குறைவோ அது. கட்டடத்துக்கு 24 மாசம் ஆகவில்லை, ஆகவே குறுகியகால லாபம், என் வருமானத்தோடு சேரும். அதனால் கட்டடச் செலவுக்கு ஒவ்வொரு பில்லும் வேண்டும் என்றார். சிமெண்ட், கம்பி, டைல்ஸ், கூலி ரசீது எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிரில், கேட், கைப்பிடி என்று நான் போட்ட வேலைக்கு எவ்வளவு எழுதலாம் என்று கேட்டேன். சொந்த உழைப்புக்குச் செலவு எழுத முடியாது என்றார். இரும்புக்கும் வெல்டிங் ராடுக்கும் பேரிங்குக்கும் பில் இருந்தது. அதை மட்டும் சேர்த்துக்கொண்டார்.