மேசன் லாட்ஜில் சேர மனு போடுகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போடுங்கள்

ஃப்ரீமேசன் என்பது ஆண்களுக்கான ஒரு பழைய சகோதர சங்கம், அதன் உள்ளூர் கிளைக்குத்தான் லாட்ஜ் என்று பெயர். அமெரிக்காவில் ஃப்ரீமேசன்களுக்கு நாடு முழுவதற்கும் ஒரே தலைமை கிடையாது. மாநிலத்துக்கு ஒரு கிராண்ட் லாட்ஜ் என்ற தலைமை அமைப்பு, அதற்கென்று ஒரு சட்டப் புத்தகம். 2015-ல் ஜார்ஜியா கிராண்ட் லாட்ஜ் தன்பாலுறவுக்குத் தடை என்று விதி கொண்டுவந்தது, டென்னசியிலும் அப்போது அப்படி ஒரு விதி இருந்தது. கலிபோர்னியாவும் வாஷிங்டன் டி.சி.யும் 2016-ல் அந்த இரண்டோடும் உறவை நிறுத்திவைத்தன, அப்படியும் டென்னசி விதியை மாற்ற மறுத்துவிட்டது.

நான் அப்போது இருந்த மாநிலத்தில் எழுத்தில் எந்தத் தடையும் இல்லை, அந்தத் தைரியத்தில்தான் மனு போட்டேன். படிவம், உறுப்பினர்கள் இருவர் கையெழுத்து, கட்டணம் எல்லாம் சுலபமாக முடிந்தது. பிறகு விசாரணைக் குழு வீட்டுக்கு வந்தது. கடவுள் நம்பிக்கை உண்டா என்றார்கள், சுவரில் இருந்த முருகன் படத்தைக் காட்டினேன், சரி என்றார்கள். அப்புறம் ஒரு பெரியவர், "நீங்கள் சேர்வதில் உங்கள் மனைவிக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டார். "எனக்குக் கணவர். காபி கொண்டுவந்தாரே, இவர்தான்" என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மனுவை முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்ட ஆரம்பித்தார். அதற்குப் பிறகு ஒரு கேள்விகூட வரவில்லை.

வாக்கெடுப்பு ரகசியம். பெட்டியில் வெள்ளைக் குண்டு போட்டால் சம்மதம், கறுப்பு போட்டால் மறுப்பு, அங்கே ஒரே ஒரு கறுப்பு போதும். நிராகரிப்புக் கடிதத்தில் காரணம் இல்லை. நேரில் போய் நின்றபோது செயலாளர், யார் போட்டது, ஏன் போட்டது என்று கேட்கவே கூடாது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார். அத்தனை தூரம் வண்டி ஓட்டிப் போனதற்கு அதுதான் பதில். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

வேலை மாறி கலிபோர்னியா வந்ததும் திரும்ப மனு போட்டேன். முன்பு எங்காவது நிராகரிக்கப்பட்டீர்களா என்று படிவத்திலேயே கேட்பார்கள், மறைக்காதீர்கள். அந்தப் பழைய கடிதத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். பழைய லாட்ஜிடம் விவரம் கேட்டு நான் எழுதிய மின்னஞ்சல் எதற்கும் பதில் வராமல் என் மனு அப்படியே கிடந்தது, கடைசியில் இங்குள்ள செயலாளர் நேரடியாக எழுதிய பிறகுதான் நகர்ந்தது. இங்கே விசாரணைக்கு வந்தவர்கள் என் கணவரிடமும் உட்கார்ந்து பேசினார்கள், வாக்கெடுப்பில் தேறினேன், முதல் டிகிரியும் (சேர்க்கைச் சடங்கின் முதல் படி) முடிந்துவிட்டது.

பரிந்துரைக் கையெழுத்து வாங்கும்போதே அவர்களிடம் உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். லாட்ஜுக்குள் உங்களுக்காகப் பேச வேண்டியவர்கள் அவர்கள்தான். கிராண்ட் லாட்ஜ் விதி என்ன சொல்கிறது என்பதைச் செயலாளரிடம் எழுத்தில் வாங்கிய பிறகு கட்டணத்தைக் கட்டுங்கள்.