கெர்னல்ல தூரத்து ஃபங்ஷனைக் கூப்பிடுற கோட்-ஐ ரிவ்யூ பண்ணின அனுபவம்

எங்க டீம்ல ஒரு தம்பி எழுதின பேட்ச், அதாவது கோட்ல பண்ற திருத்தம், என்கிட்ட ரிவ்யூவுக்கு வந்துச்சு. ரிஸ்க்-ஃபைவ் சிபியுல லினக்ஸ் கெர்னல் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுறதை வேற ஃபங்ஷனுக்குத் திருப்பி விடணும், அதான் வேலை. இந்த மாதிரி கோடு கைக்கு வந்தா எங்கெங்க உத்துப் பாக்கணும்னு தேடுறவங்களுக்கு உதவும்னு எழுதுறேன்.

முதல்ல தூரம் ஏன் தொல்லைன்னு சொல்லிடுறேன். ஏஆர்எம் 64-ல ஒரே இன்ஸ்ட்ரக்ஷன்ல முன்னாடியும் பின்னாடியும் 128 எம்பி வரைக்கும் கூப்பிடலாம், எக்ஸ்86-ல 2 ஜிபி. ரிஸ்க்-ஃபைவ்ல ஒத்தை இன்ஸ்ட்ரக்ஷனுக்கு எட்டுறது வெறும் 1 எம்பி, அதனால அதைத் தாண்டினா ரெண்டு இன்ஸ்ட்ரக்ஷனா பிரிக்கணும், மொத இன்ஸ்ட்ரக்ஷனான ஏயூஐபிசி தூரத்தோட மேல் 20 பிட்டைப் போடும், ரெண்டாவதான ஜேஏஎல்ஆர் கீழ் 12 பிட்டைச் சேத்துக்கிட்டு குதிக்கும். இந்தப் பிரிக்கிற இடத்துலதான் எல்லா வில்லங்கமும் உக்காந்திருக்கு.

நான் கும்பகோணத்துல வீட்லேருந்து வேலை பாக்குறேன், ஐப்பசி மழைல கரண்ட் எப்ப போகும்னு சொல்ல முடியாது, அதனால டிஃப் (கோட்ல எது மாறியிருக்குன்னு காட்டுறது) முழுசையும் ஜெராக்ஸ் கடைல பிரின்ட் எடுத்துட்டு வந்து பென்சிலோட உக்காந்துட்டேன். இதுக்கு அதுதான் சரியான வழின்னே சொல்லுவேன், ஸ்க்ரீன்ல ஸ்க்ரோல் பண்ணிக்கிட்டே போனா கணக்குப் போடத் தோணாது.

கீழ் 12 பிட்டு மைனஸாவும் இருக்கலாம்ங்கிறதை மனசுல வச்சுக்கணும். 6144 பைட் தள்ளிக் குதிக்கணும்னு வைங்க. 4096 மேல, மிச்சம் 2048 கீழன்னு பிரிச்சா தப்பு, ஏன்னா 12 பிட்டுல அந்த 2048-ஐ சிபியு மைனஸ் 2048-ன்னுதான் எடுத்துக்கும், கடைசில 4096 பைட் குறைவா, 2048-லயே போய் விழும். அதனால மொதல்ல 2048-ஐக் கூட்டிட்டுத்தான் மேல் பாகத்தை எடுக்கணும், அப்ப மேல 8192 வரும், அதுல 2048 கழிஞ்சா 6144. தம்பி இதைச் சரியா பண்ணியிருந்தான்.

ஆனா தூரம் எட்டுமான்னு பாக்குற செக்ல சாதாரண 32 பிட் எல்லையைப் போட்டிருந்தான், 2147483647 வரைக்கும் ஓகேன்னு. கூட்டின 2048-ஐ அங்க கணக்குல எடுக்கல. உண்மைல எட்டுற கடைசித் தூரம் 2147481599தான், அதுக்கு மேல ஒண்ணு கூடினாலும் மேல் பாகம் வழிஞ்சு மைனஸுக்குத் திரும்பி 4 ஜிபி பின்னாடி எங்கயோ குதிச்சிடும். பின்பக்கம் மட்டும் அதே 2048 கூடுதலா கிடைக்கும், மைனஸ் 2147485696 வரைக்கும் எட்டும்.

ஃபோன் பண்ணிச் சொன்னேன். "அண்ணே, க்யூஎமு எமுலேட்டர்ல, போர்டுல எல்லாம் டெஸ்ட் பாஸாயிடுச்சே, அந்த 2048 பைட் சந்துல யாருண்ணே போய் ஃபங்ஷன் வைக்கப் போறா?"ன்னான். அவனுக்கு ஊரு வேதாரண்யம் பக்கம். "தம்பி, கல்லணைல தண்ணி வந்துடுச்சுன்னா உங்க ஊரு கடைமடைக்கும் வந்துடுச்சுன்னு அர்த்தமாடா?"ன்னு கேட்டேன், அதுக்கப்புறம் பேச்சில்ல. நாம டெஸ்ட் பண்றப்ப மாட்யூல் (கெர்னலோட பின்னாடி சேக்குற பாகம்) எப்பவும் கெர்னலுக்குப் பக்கத்துலதான் லோடாகுது, அந்த டெஸ்ட் பாஸானதை வச்சு தூரத்து எல்லையைப் பத்தி ஒண்ணுமே சொல்ல முடியாது. செக்கைத் தனி ஃபங்ஷனா பிரிச்சு, கேயூனிட்ல (கெர்னலோட யூனிட் டெஸ்ட் வசதி) ரெண்டு பக்கமும் எட்டுற கடைசி நம்பர், அதைத் தாண்டின அடுத்த நம்பர்னு நாலையும் கையால கொடுத்து டெஸ்ட் எழுதச் சொன்னேன், அதுக்கு நெஜ மெமரியே தேவையில்ல.

அடுத்தது இதைவிட ஆபத்து. ரெண்டு இன்ஸ்ட்ரக்ஷனையும் ஒரே நேரத்துல மாத்துற மாதிரி எழுதியிருந்தான், ஸ்டாப் மெஷின் போட்டு எல்லா சிபியுவையும் நிறுத்திட்டுத்தான் மாத்துறேன், அதனால சேஃப்னு கமெண்ட்ல போட்டிருந்தான். சிபியு நிக்கும் சரி, ப்ரீஎம்ப்ட் (ஓடுற வேலையை நடுவுலயே நிறுத்தி வேற வேலைக்கு மாறுறது) ஆன் பண்ணின கெர்னல்ல ஒரு த்ரெட் பழைய ஏயூஐபிசியை முடிச்ச கையோட ஷெட்யூலர் அதை ஓரங்கட்டியிருந்தா? நாம மாத்தி முடிச்சப்புறம் அது எழுந்து புது ஜேஏஎல்ஆரை ஓட்டும், பாதி பழைய அட்ரஸ் பாதி புது அட்ரஸ், எங்க போய் விழும்னு சொல்லவே முடியாது. இந்த க்ராஷ் எப்பவாவது ஒரு தடவைதான் வரும், வந்தா யாராலயும் காரணம் கண்டுபிடிக்க முடியாது, அதான் எனக்கு பயம்.

ஏயூஐபிசியைத் தொடவே தொடாதே, ஜேஏஎல்ஆரை மட்டும் மாத்துன்னு சொன்னேன். திருப்பி விட வேண்டாதப்ப அந்த எடத்துல நாப் (எதுவும் செய்யாத இன்ஸ்ட்ரக்ஷன்) போட்டுட்டா போதும். அப்படிப் பண்ணினா ஏயூஐபிசி காட்டுற எடத்துலேருந்து 2 கேபிக்குள்ளதான் எட்டும், அதனால அந்தத் தூரத்துலயே ஒரு ட்ராம்போலின் (நடுவுல நின்னு வேற எடத்துக்குத் தாவ விடுற சின்னக் கோட்) வச்சு, அது மெமரிலேருந்து முழு அட்ரஸை லோட் பண்ணி தூரமா குதிக்கட்டும். ஜேஏஎல்ஆர் 4 பைட் அலைன்மென்ட்ல இருக்கான்னும் உறுதி பண்ணிக்கணும், கம்ப்ரெஸ்டு இன்ஸ்ட்ரக்ஷன் இருக்கிற கெர்னல்ல அது 2 பைட் தள்ளி உக்காந்திருக்க வாய்ப்பிருக்கு, அப்ப ஒரே தடவைல எழுதி மாத்த முடியாது.

மாத்தின இன்ஸ்ட்ரக்ஷனை சிபியு புதுசா எடுக்க வைக்கிற ஃபென்ஸ்-ஐ இன்ஸ்ட்ரக்ஷன் விஷயம் சின்னதுதான், ஆனா எல்லாரும் விட்டுடுறாங்க. அது ஓடுற சிபியுவுக்கு மட்டும்தான் வேலை செய்யும், மத்த சிபியுகளுக்கும் சொல்லி அனுப்பணும்.

தம்பி திருத்தி அனுப்பினதுல எல்லைக் கணக்கும் ஃபென்ஸும் சரியா இருக்கு, அதுக்கு ஓகே கொடுத்துட்டேன். ட்ராம்போலின் பாகத்தைத் தனி பேட்ச்சா பிரிச்சு அனுப்பச் சொல்லியிருக்கேன், அது வந்ததும் ப்ரீஎம்ப்ட் ஆன் பண்ணி நாள் பூரா லோட் போட்டு ஓட்டிப் பாக்கணும்.